மடவை எங்கே வளர்ந்தது? செவிக்கல் வேதியியலில் முதல் ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

மீனின் தலைக்குள், மூளையை ஒட்டி, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று சோடிக் கற்கள் இருக்கின்றன. கால்சியம் கார்பனேட்டால் ஆன இந்தச் செவிக்கல் நாள்தோறும் ஒரு மெல்லிய அடுக்கு வளரும். ஒருமுறை படிந்த அடுக்கை உடல் மீண்டும் கரைத்து எடுப்பதில்லை. அந்த நாளில் மீன் இருந்த நீரின் ஸ்ட்ரான்சியம், பேரியம் அளவு அந்த அடுக்கிலேயே தங்கிவிடுகிறது. மையத்திலிருந்து ஓரம் வரை அளந்தால் மீன் பிறந்த இடம் தொடங்கிப் பிடிபட்ட இடம் வரை ஒரு கோடு கிடைக்கும்.

பழவேற்காடு ஏரியில் பிடிபடும் மடவை கடலில் எவ்வளவு காலம் இருந்தது, ஏரியில் எவ்வளவு காலம் இருந்தது என்று இந்த முறையில் கண்டறிய நினைக்கும் ஆய்வு மாணவருக்காக இந்தக் கட்டுரை. கொடுவா, பால்மீன் போல உவர்நீருக்கும் கடலுக்கும் இடையே போய்வரும் மற்ற மீன்களுக்கும் படிகள் இவையே. பணம் அதிகம் போவது லேசருக்கு. ஆனால் ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் லேசர் கூடத்துக்குப் போவதற்கு முன்பே. எனவே முன்வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

1. கேள்விக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில் முழுக் கல்லையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, தனிமங்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுக்கிறோம். செலவு குறைவு. ஆனால் மீனின் வாழ்நாள் முழுவதும் கலந்து ஒரே எண்ணாக வரும். "இந்த இரண்டு ஊர் மீன்களும் வெவ்வேறு கூட்டமா?" என்ற கேள்விக்கு அது போதும். "எப்போது ஏரிக்குள் வந்தது?" என்ற கேள்விக்குப் போதாது. அதற்குக் கல்லை வெட்டி, மையத்திலிருந்து ஓரம் வரை லேசரால் சுட்டு அளக்கும் இரண்டாவது வழிதான் வேண்டும். இனிச் சொல்பவை அந்த வழிக்கு உரியவை.

எந்தக் கல் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மூன்று சோடிகளின் பெயர்கள் சஜிட்டா, லாப்பில்லஸ், ஆஸ்டெரிஸ்கஸ். மடவை, கொடுவா, கத்தாளை போன்றவற்றில் சஜிட்டாதான் பெரியது. கெளுத்தியில் லாப்பில்லஸ் பெரியது, கெண்டை வகைகளில் ஆஸ்டெரிஸ்கஸ். கெளுத்தித் தலைக்குள் சஜிட்டாவைத் தேடினால் ஊசி போன்ற ஒரு துண்டுதான் கிடைக்கும். சுறா, திருக்கைகளில் இப்படிப்பட்ட கல்லே இல்லை.

2. அனுமதிகளை முதல் மாதமே எழுதிக் கேளுங்கள்

பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயமும் கூட. தமிழகப் பகுதிக்குள் நீங்களே வலை போட்டு மீனோ நீரோ எடுக்க, வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே மாதிரி எடுக்க அந்த மாநில வனத்துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஒன்றின் அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. விண்ணப்பத்தோடு ஆய்வுச் சுருக்கம், வழிகாட்டியின் கடிதம், மாதிரி எடுக்கும் இடங்களின் ஜிபிஎஸ் பட்டியல், எடுக்கப்போகும் மீன்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வையுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டாதீர்கள். பிறகு 20 மீன் கூடுதலாக வேண்டும் என்றால் கோப்பு முதலிலிருந்து நகர வேண்டியிருக்கும்.

மீனவர் பிடித்த இறந்த மீனை வாங்குவதாக இருந்தாலும் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கட்டுரையை அனுப்பும்போது இதழ்கள் கேட்கும். அப்போது போய்ப் பின்தேதியிட்டு வாங்க முடியாது.

கல்லை வெளிநாட்டுக் கூடத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் கதை வேறு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் கீழ் மீனின் செவிக்கல்லும் உயிர்வளம்தான். சென்னை தரமணியில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. எனவே மூத்த மாணவர் கொடுக்கும் பழைய படிவத்தை நிரப்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள படிவத்தையே எடுங்கள். இரு நிறுவனங்களும் கையெழுத்திட்ட பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் உடன் வேண்டும். இதற்கு மட்டும் ஆறு மாதம் ஒதுக்குங்கள். நம் நாட்டிலேயே லேசர் நேரம் கிடைக்கிறது என்றால் அதை எடுத்துக்கொள்வதே முதல் ஆய்வுக்கு நல்லது.

3. மீனுக்கு முன்னால் நீர்

நீர் மாதிரி இல்லாத செவிக்கல் எண்களை யாராலும் சரியாக வாசிக்க முடியாது. இதைத் தவிர்த்துவிட்டு, "நன்னீரையும் கடலையும் பிரிக்கும் எல்லை மதிப்பை வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று தொடங்குபவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் ஏறக்குறைய 412 மி.கி., ஸ்ட்ரான்சியம் 7.9 மி.கி. இதை மோல் விகிதமாக மாற்றினால், ஒரு மோல் கால்சியத்துக்கு 8.8 மில்லிமோல் ஸ்ட்ரான்சியம். உதாரணத்துக்கு, கால்சியம் 20 மி.கி., ஸ்ட்ரான்சியம் 0.1 மி.கி. உள்ள ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அதன் விகிதம் 2.3. இந்த ஆற்றில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே, அதாவது உப்புத்தன்மை (ஆயிரத்தில் பங்கு) 3.5 ஆகும்போதே, விகிதம் 6.8க்கு ஏறிவிடுகிறது. உப்புத்தன்மை 7இல் 7.7. அதற்குமேல் 35 வரை போனாலும் ஏறுவது ஒன்றே ஒன்றுதான். அப்படியென்றால் ஸ்ட்ரான்சியம் நன்னீரையும் உவர்நீரையும் நன்றாகப் பிரிக்கும். உவர்நீரையும் கடலையும் பிரிப்பதில் தடுமாறும். உங்கள் ஆற்றின் கால்சியம் அதிகமா குறைவா என்பதைப் பொறுத்து இந்த வளைவு மாறும். அதனால்தான் ஏரியில் சேரும் ஆரணி ஆற்றின் நீரை அளக்காமல் வேறு நாட்டு ஆற்றின் எல்லை மதிப்பைப் பயன்படுத்தக் கூடாது.

பழவேற்காட்டில் இன்னொரு சிக்கல். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நீர்த்துப்போகும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரி கடலைவிட உப்பாகிவிடும். கடல்நீர் வெறுமனே வற்றும்போது ஸ்ட்ரான்சியமும் கால்சியமும் ஒரே அளவில் செறிவதால் விகிதம் மாறாது. கோடை ஏரியில் அடைபட்டுக் கிடந்த மடவையும் கடலில் திரிந்த மடவையும் ஸ்ட்ரான்சியத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். இங்கே துணைக்கு வருவது பேரியம். ஆற்றுநீரில் கால்சியத்தோடு ஒப்பிட்ட பேரியம் அதிகம், கடலில் குறைவு. இடைப்பட்ட குறைந்த உப்புத்தன்மையில், வண்டல் துகள்களில் ஒட்டியிருந்த பேரியம் விடுபடுவதால் நடுவில் ஒரு மேடும் வரலாம். உங்கள் ஏரியில் அந்த மேடு எந்த உப்புத்தன்மையில் வருகிறது என்பதை நீர் மாதிரிதான் சொல்லும்.

எடுக்கும் முறை:

குறைந்தது ஐந்து இடங்கள் வையுங்கள்: ஆற்றின் நன்னீர்ப் பகுதி, ஆறு ஏரியில் சேரும் இடம், ஏரியின் நடு, முகத்துவாரம், கரையிலிருந்து சற்றுத் தள்ளிய கடல். மாதம் ஒருமுறை ஓராண்டு எடுப்பது நல்லது. முடியாவிட்டால் மழைக்கு முன், மழையின் நடுவில், மழை வடிந்தபின், கோடை உச்சியில் என நான்கு முறையாவது எடுங்கள்.

30 மி.லி. எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, 18.2 மெகாஓம் தூயநீரால் மூன்று முறை அலசிக் காயவைத்து, இரட்டை ஜிப் பையில் எடுத்துச் செல்லுங்கள். சிரிஞ்சோடு பொருத்தும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். முதலில் வரும் 10 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள். ஏரி நீர் கலங்கல் அதிகம் என்பதால் ஒரு மாதிரிக்கு இரண்டு வடிகட்டிகூடத் தேவைப்படும், இருமடங்கு வாங்குங்கள். வடித்த உடனே மிகத்தூய நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். அமிலம் சேர்க்கத் தாமதித்தால் உலோகங்கள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பயணத்திலும் தூயநீரை அங்கேயே வடித்து, அமிலமிட்டு, ஒரு வெற்று மாதிரியும் கொண்டுவாருங்கள். உப்புத்தன்மை, வெப்பநிலை, நேரம், ஓதத்தின் நிலை ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள்.

அளக்கும்போது உப்பு மாதிரிகளை 50 முதல் 100 மடங்கு நீர்க்க வேண்டும். ஸ்ட்ரான்சியத்துக்கு அது தொல்லையில்லை. ஏற்கெனவே குறைவாக உள்ள பேரியம் கண்டறியும் எல்லைக்குக் கீழே போய்விடக்கூடும். கூடத்தாரிடம் பேரியத்துக்குத் தனி நீர்ப்பு வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள்.

4. மீன்: எங்கே பிடிபட்டது என்று தெரிந்தவை, தெரியாதவை

இரண்டு வகை மீன் வேண்டும். ஒன்று, இடம் உறுதியாகத் தெரிந்த குஞ்சுகள். இவையே உங்கள் அகராதி. இரண்டு, வரலாறு கண்டறிய வேண்டிய பெரிய மீன்கள்.

மடவை கடலில் முட்டையிடும்; இரண்டு மூன்று சென்டிமீட்டர்க் குஞ்சாக முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். குஞ்சுகள் வேகமாக வளர்வதால் கல்லின் ஓரத்தில் கடைசி சில வாரங்களின் நீர் பதிந்திருக்கும். நீர் எடுத்த அதே ஐந்து இடங்களிலும், இடத்துக்கு 15 முதல் 20 குஞ்சு, நீர் எடுத்த அதே வாரத்தில் பிடியுங்கள். பெரிய மீன்கள் 60 என்று வைத்துக்கொண்டால் முதல் ஆய்வுக்குப் போதும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் சில கெடும் என்பதால் 70 வாங்குங்கள்.

இறங்குதளத்தில் வாங்கும் மீன் எங்கே பிடிபட்டது என்பதை வியாபாரியிடம் கேட்டு எழுதாதீர்கள். பல படகுகளின் மீன் ஒரே கூடையில் கலந்திருக்கும். வலையை இழுத்த மீனவரிடமே கேளுங்கள், முடிந்தால் உடன் போங்கள். கடல் மாதிரிக்கு நாட்காட்டியையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்.

இனத்தைச் சரிபாருங்கள். ஏரியில் மடவை வகைகள் பல. முகில் செஃபாலஸ் என்ற மடவை இனமானால் கண்ணின் பெரும்பகுதியை மூடிய தடித்த கொழுப்பு இமை தெளிவாகத் தெரியும். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மீனிலும் துடுப்பின் ஒரு துண்டை எத்தனாலில் போட்டு வையுங்கள்; பின்னால் மரபணு பார்க்க உதவும். நீளம், எடை, பாலினம், இனப்பெருக்க நிலை ஆகியவற்றைத் தலையை வெட்டுவதற்கு முன்பே எழுதுங்கள். மீன் வெட்டுபவரிடம் தலையை மட்டும் வாங்கினால் செலவு மிச்சம்தான், ஆனால் இந்த விவரங்கள் இல்லாத கல் பாதிக்குப் பாதி வீண்.

5. கல்லை எடுத்துக் கழுவி வைப்பது

மீனை விற்க வேண்டும், தலை கெடக் கூடாது என்று மீனவர் சொன்னால் செவுள் வழியாக எடுங்கள். செவுளை ஒதுக்கி, மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருபுறமும் தெரியும் எலும்புப் புடைப்பை உடைத்தால் உள்ளே கல் இருக்கும். மீன் வெளியில் பார்க்க அப்படியே இருக்கும். மீனுக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. மீன் உங்களுடையதே என்றால் கண்ணுக்குச் சற்று மேலே தொடங்கிப் பின்னோக்கி மண்டையைக் கிடையாகச் சீவித் திறந்து, மூளையை ஒதுக்கி எடுப்பது எளிது.

மீனை உடனே வெட்ட முடியாவிட்டால் உறையவையுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது. அது நாளாக ஆக அமிலமாகி, கல்லின் ஓரத்தைக் கரைத்துவிடும். ஓரம் போனால் மீனின் கடைசிக் காலம் போயிற்று. எத்தனாலில் நீண்ட நாள் வைப்பதும் லித்தியம், மெக்னீசியம் போன்றவற்றைப் பாதிக்கும்.

எடுத்த கல்லின்மேல் ஒட்டியிருக்கும் சவ்வைப் பிளாஸ்டிக் இடுக்கியால் உரித்து, 3 சதவீத மிகத்தூய ஹைட்ரஜன் பெராக்சைடில் ஐந்து நிமிடம் வைத்து, தூயநீரில் மூன்று முறை அலசி, தூசி படாமல் ஓரிரவு காயவைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் குப்பியில் உலர்வாக வையுங்கள். எடையை 0.1 மி.கி. துல்லியத்தில் எழுதுங்கள். இடது கல்லை வேதியியலுக்கும் வலது கல்லை வயதுக்கும் அவசரத்துக்கும் என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்த அறை இல்லையே என்று வேலையை நிறுத்துபவர்கள் உண்டு. துத்தநாகம், செம்பு, ஈயம் அளக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கவலை நியாயம். ஸ்ட்ரான்சியமும் பேரியமும் கல்லின் உள்ளேயே போதிய அளவில் இருப்பவை. மேலே சொன்ன ஒழுங்கைக் கடைப்பிடித்தால் சாதாரண ஆய்வகமே போதும்.

6. ரெசின், வெட்டு, தேய்ப்பு

அதிகம் கற்கள் கெடுவது இங்கேதான். வேண்டாத கத்தாளைக் கற்களை மீன் வெட்டும் இடத்தில் கேட்டு வாங்கி, இருபதிலாவது கை பழகிய பிறகே உங்கள் மாதிரியைத் தொடுங்கள். கத்தாளையின் கல் பெரிது, பழகச் சௌகரியம்.

எபாக்ஸி ரெசினில் பதியுங்கள். எபோஃபிக்ஸ் என்ற வணிகப் பெயர் ரெசின் என்றால் எடையில் 25 பங்கு ரெசினுக்கு 3 பங்கு ஹார்டனர். கண் அளவில் ஊற்றினால் இறுகாமல் பிசுபிசுக்கும், தராசில் நிறுங்கள். மெதுவாகக் கலக்குங்கள்; வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழி புகும். குமிழி கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது அந்த ஓரம் உடைந்து விழும். அச்சில் முதலில் ஒரு மெல்லிய அடுக்கை ஊற்றி இறுகவிட்டு, அதன்மேல் கல்லை வைத்து, பிறகு மூடுங்கள். கல் நடுவில் நிற்கும். ஒரு முழு நாள் விடுங்கள். ரெசினில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) அளவு இண்டியம் கலந்துவிடுவது மிகப் பயனுள்ள பழக்கம். லேசர் கல்லைவிட்டு ரெசினுக்குள் நுழைந்ததும் இண்டியம் ஏறும், ஓரம் எங்கே முடிகிறது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

மையத்தின் இடத்தை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்த்து, இறுகிய ரெசினின் மேற்பரப்பில் கோடு போடுங்கள். குறைந்த வேக வைர ரம்பத்தில் குறுக்குவாட்டில், மையம் நடுவில் வரும்படி 400 மைக்ரான் அளவில் ஒரு துண்டு வெட்டுங்கள். அலகின் தடிமனும் சேர்ந்து கல்லைத் தின்னும் என்பதைக் கணக்கில் வையுங்கள். மையத்தை அலகே தின்றுவிட்டால் அந்தக் கல் முடிந்தது.

தேய்க்க 30, 9, 3 மைக்ரான் லேப்பிங் ஃபிலிம், தூயநீர் விட்டு. 30இல் பத்து இழுப்புக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். மையத்தின் கருந்திட்டு தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் 9க்கு மாறுங்கள். 3இல் கீறல்களை மட்டும் நீக்குங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஃபிலிமின் புதிய பகுதியைப் பயன்படுத்துங்கள், முந்தைய கல்லின் தூள் அடுத்ததில் ஏறும். முடிந்ததும் தூயநீரில் ஐந்து நிமிடம் ஒலியலைக் குளியல். பிறகு கண்ணாடித் தகட்டில் ஒட்டும்போது ஊர்வாரியாக அடுக்காமல் கலந்து ஒட்டுங்கள். ஒரே ஊர் மீன்களை ஒரே தகட்டில் வைத்தால், கருவி அன்று மெல்ல நகர்ந்தது ஊர் வேறுபாடாகத் தெரியும். ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் அளவுகோலோடு படமெடுத்து, லேசர் போக வேண்டிய கோட்டைப் படத்திலேயே வரைந்து எடுத்துச் செல்லுங்கள்.

இந்த நிலையிலேயே வாட்டரைட்டைத் தேடுங்கள். சாதாரணக் கல் அராகொனைட் படிகம், பால்வெள்ளை. சில கற்களில் ஒரு பகுதி கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி இருக்கும். அது வாட்டரைட் என்ற வேறு படிகம். ஸ்ட்ரான்சியத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். இதைக் கவனிக்காதவர் அங்கே ஸ்ட்ரான்சியம் சரிவதைப் பார்த்து, மீன் ஆற்றுக்குப் போனது என்று எழுதிவிடுவார். சந்தேகமான கல்லை ஒதுக்கிவிட்டு வலது கல்லை எடுங்கள்.

7. லேசர் கூடம்: எதற்குப் பணம், எவ்வளவு நேரம்

லேசர் பொருத்திய ஐசிபி-எம்எஸ் பெரும்பாலும் மீன்வள நிறுவனங்களில் இருப்பதில்லை. சிர்க்கான் என்ற கனிமத்தை வைத்துப் பாறைகளின் காலம் கணிக்கும் புவியியல் கூடங்களில் தேடுங்கள். விலைப்புள்ளி கேட்கும்போது இவற்றை எழுத்தில் கேளுங்கள்: கட்டணம் புள்ளிக்கா, மணிக்கா, நாளுக்கா? கருவியைச் சூடேற்றிச் சீராக்கும் நேரமும் அதில் சேருமா? ஜிஎஸ்டி தனியா? கருவி நடுவில் பழுதானால் நாள் திரும்பக் கிடைக்குமா? கார்பனேட் தரமாதிரி (தனிம அளவுகள் முன்பே அறியப்பட்ட பொருள்) அவர்களிடம் உண்டா? கச்சா எண்ணிக்கைகள் முழுவதும் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" வராவிட்டால் அந்தக் கூடம் வேண்டாம். சராசரி மட்டும் உள்ள அட்டவணையை வைத்து மீனின் பயணத்தை வரைய முடியாது.

நேரக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மையத்திலிருந்து ஓரம் வரை 1,200 மைக்ரான், லேசர் நொடிக்கு 5 மைக்ரான் நகர்ந்தால் 240 நொடி. முன்னால் வாயு மட்டும் ஓடும் வெற்று அளவு 30 நொடி, பின்னால் கழுவல் 60 நொடி. ஒரு மீனுக்கு ஐந்தரை நிமிடம். 60 மீனுக்கு ஐந்தரை மணி நேரம். பத்து மீனுக்கு ஒருமுறை தரமாதிரிகளுக்குப் பத்து நிமிடம் என்றால் தொடக்கத்தையும் சேர்த்து எழுபது நிமிடம். தகடு மாற்றி அறையிலிருந்து காற்றை வெளியேற்ற ஒரு மணி நேரம், காலையில் கருவி சீராக இரண்டு மணி நேரம். மொத்தம் பத்து மணியை நெருங்கும். ஒரு நாள் மட்டும் பதிவு செய்தவர் கடைசி 15 மீனை அளக்காமல் ஊர் திரும்புவார். இரண்டு நாள் பதிவு செய்யுங்கள்.

சான்றளித்த தரமாதிரிகளை நீங்கள் வாங்க வேண்டியிருந்தால் இறக்குமதிக் கொள்முதல் நடைமுறை நீளும். ஆய்வின் முதல் மாதமே கொள்முதல் கோப்பைத் தொடங்குங்கள்.

8. கருவியின் முன்

கூடத்தார் கருவியை அறிவார்கள், கல்லை அறிவது நீங்கள். இவற்றைச் சொல்லிவிடுங்கள்.

மற்றத் தனிமங்களை ஒப்பிட்டுக் கணக்கிடும் உள் தரமாகக் கால்சியம்-43 எடுங்கள். 44இல், இரட்டை மின்னேற்றம் பெற்ற ஸ்ட்ரான்சியம்-88 வந்து விழும். அதே காரணத்தால் மெக்னீசியத்துக்கு 24ஐ விட்டு 25. கால்சியம்-48 இரட்டை மின்னேற்றத்தோடு 24இல் தோன்றும். மாங்கனீசு-55, ஸ்ட்ரான்சியம்-88, பேரியம்-138 ஆகியவற்றோடு ரெசினுக்கு இண்டியம்-115. பட்டியலை நீட்டாதீர்கள். தனிமங்கள் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் குறைந்து, கோட்டின் நுணுக்கம் போகும்.

தரமாதிரிகளில், அளவீட்டுக்கு நிஸ்ட் 612 கண்ணாடி, சரிபார்க்க மாக்ஸ்-3 கார்பனேட் வில்லை. கண்ணாடியை வைத்துக் கணக்கிட்டு, கார்பனேட்டின் அறியப்பட்ட மதிப்பு வருகிறதா என்று பாருங்கள். கல்லில் கால்சியம் எடையில் 38.8 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அளக்கும் முன் அதே கோட்டில், அளக்கும்போதைவிட அகலமான புள்ளியோடு லேசரை வேகமாக ஒருமுறை ஓட்டி மேற்பரப்பு அழுக்கை நீக்குங்கள்.

புள்ளியின் விட்டம் 30 மைக்ரான் என்றால் அது எத்தனை நாள் என்பதைக் கணக்கிடுங்கள். குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு 3 மைக்ரான் வளர்ந்தால் பத்து நாள். வயதான மீனின் ஓரத்தில் ஆண்டுக்கு 60 மைக்ரானே வளர்ந்திருந்தால் அதே புள்ளி அரை ஆண்டு. பெரிய மீனின் கடைசி இரண்டு வாரம் கடலா ஏரியா என்ற கேள்விக்கு இந்த முறையில் பதில் இல்லை. கேட்கும் வழிகாட்டியிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

9. எண்களை வாசிப்பது

வெற்று அளவைக் கழித்து, தரமாதிரிகளின் நகர்வைத் திருத்தி, பிபிஎம் ஆக்கிய பிறகு மோல் விகிதமாக மாற்றுங்கள். ஸ்ட்ரான்சியம் 2,000 பிபிஎம், கால்சியம் 3,88,000 பிபிஎம் என்றால், 2,000ஐ 87.62ஆல் வகுத்து, அதை 3,88,000ஐ 40.08ஆல் வகுத்து வந்ததால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். 2.36 மில்லிமோல் வரும். உங்கள் தாளில் இந்த எண் வருகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு மற்றவற்றை ஓட்டுங்கள். வெற்று அளவின் சராசரியோடு மூன்று மடங்கு திட்டவிலக்கம் சேர்த்த எல்லைக்குக் கீழே உள்ளவற்றை நீக்குங்கள். பிறகு ஏழு அல்லது பதினொரு புள்ளி நகரும் இடைநிலை எடுத்துக் கோட்டை மென்மையாக்கலாம். அதற்கு மேல் மென்மையாக்கினால் குறுகிய ஏரி வருகைகள் அழிந்துபோகும்.

முதலில் மையத்தைச் சோதியுங்கள். மாங்கனீசு மையத்தில் ஏறி உடனே இறங்க வேண்டும். அந்த முகடு இல்லையென்றால் உங்கள் வெட்டு மையத்தைத் தொடவில்லை. மடவை கடலில் பிறப்பது என்பதால் மையத்தை அடுத்த பகுதி, கடலில் பிடித்த சிறு குஞ்சுகளின் ஓரத்தோடு ஒத்துப்போகவும் வேண்டும். இந்த இரண்டும் சரியாக இல்லாத மீனைப் பிறப்பிடக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு ஸ்ட்ரான்சியத்தையும் பேரியத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரையுங்கள். ஸ்ட்ரான்சியம் இறங்கும் இடத்தில் பேரியம் ஏறினால் மீன் நன்னீர்ப் பக்கம் போயிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இரண்டும் சேர்ந்து இறங்கி, மெக்னீசியமும் மாங்கனீசும் ஏறினால் வாட்டரைட்டைச் சந்தேகியுங்கள். ஸ்ட்ரான்சியம் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போனால் அது இடமாற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. வயது, வளர்ச்சி வேகம், முதிர்ச்சி ஆகியவையும் ஸ்ட்ரான்சியத்தை ஏற்றும். மெக்னீசியம், துத்தநாகம் இரண்டும் நீரைவிட மீனின் உடலியக்கத்துக்கே அதிகம் கட்டுப்பட்டவை. வாழிடம் சொல்ல அவற்றை நம்பாதீர்கள்.

கடல், ஏரி, ஆறு என்ற எல்லைகளை உங்கள் குஞ்சுகளின் ஓர மதிப்புகளிலிருந்தே வகுங்கள். வகைப்படுத்தப் பாகுபாட்டுப் பகுப்பாய்வோ ரேண்டம் ஃபாரஸ்ட்டோ எதுவானாலும், ஆர் (R) என்ற கணினி மொழியில் இலவசமாகச் செய்யலாம். ஒவ்வொரு மீனாக விட்டுவிட்டுச் சோதித்த வெற்றி விகிதத்தை மறைக்காமல் கொடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நீங்கள் மாதிரி எடுக்காத ஓர் இடத்திலிருந்து வந்த மீனையும் அந்தக் கணக்கு, தெரிந்த ஐந்து இடங்களில் ஒன்றில்தான் போடும். அதற்கு "தெரியாது" என்று சொல்லத் தெரியாது. எந்த வகைக்குள்ளும் உறுதியாக விழாத மீன்களுக்கு ஒரு தனிப்பெட்டி வையுங்கள்.

ஆண்டும் பொருந்த வேண்டும். மூன்று வயது மீனின் குஞ்சுப் பருவத்தை இந்த ஆண்டுக் குஞ்சுகளோடு ஒப்பிட்டால், மூன்று ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையும் இந்த ஆண்டு மழையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டதாக ஆகும். பழவேற்காட்டில் முகத்துவாரம் ஒவ்வோர் ஆண்டும் ஒரேபோலத் திறப்பதில்லை.

10. நாட்காட்டி

ஜூன் மாதம் அனுமதி, கொள்முதல் கோப்புகள். ஆகஸ்டில் பழக்கக் கற்களில் வெட்டும் தேய்ப்பும். அக்டோபரில் மழைக்கு முன் நீர் எடுப்பு தொடங்கி அடுத்த செப்டம்பர் வரை. குஞ்சுகள் மழை வடிந்த மாதங்களில். பெரிய மீன்கள் மழைக்காலத்திலும் கோடையிலுமாக இரண்டு தொகுதி. லேசர் நாட்களை அடுத்த நவம்பருக்கு என்று ஆறு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்; நாளுக்கு நான்கு கல் என்று கணக்கு வைத்து அதற்குள் தேய்த்து முடியுங்கள். எண்களைத் திருத்தவும் வாசிக்கவும் மூன்று மாதம். ஏறக்குறைய இருபது மாதம் ஆகிறது. ஓராண்டுத் திட்டம் என்றால் பெரிய மீன்களை விட்டுவிட்டு, நீரும் குஞ்சுகளும் மட்டும் உள்ள அகராதி ஆய்வைச் செய்யுங்கள். அடுத்து வருபவருக்கு அதுவே பெரிய உதவி.

அளந்து முடித்த தகடுகளையும், தொடாத வலது கற்களையும், நீர் மாதிரிகளின் மீதியையும் துறையில் ஒப்படையுங்கள். குப்பியின் மேல் ஒட்டும் காகிதம் இரண்டு கோடையில் உதிர்ந்துவிடும். மீன் எண்ணைப் பென்சிலால் எழுதிய சிறு துண்டுத் தாளைக் குப்பியைப் போட்ட பைக்குள்ளும் வையுங்கள்.